எனிப்லா என்று கூப்பிட்டவர்களுக்கு

எத்தியோப்பியாவின் பாகிர் தார் ஊரில் மூன்று வருடம் எனக்குச் சாப்பாடு போட்டு, பேச்சும் சொல்லிக் கொடுத்த அனைவருக்கும் வணக்கம். கிளம்பும் அன்று தொண்டை அடைத்துக்கொண்டது, எதுவும் சொல்ல முடியவில்லை. தமிழில்தான் எனக்கு மனசு முழுசாக வருகிறது. அங்கே பாடம் நடத்தும் நம் ஊர் ஆசிரியர்கள் யாராவது இதை அந்த ஊர் மொழியான அம்ஹாரிக்கில் படித்துச் சொல்லிவிடுங்கள்.

எத்தியே, முதல் நன்றி உங்களுக்கு. (வயதில் மூத்த பெண்களை அங்கே மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவோம். இவர் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர்.) வந்த புதிதில், அங்கே தினமும் சாப்பிடும் தோசை மாதிரியான இஞ்செராவின் புளிப்பு எனக்குப் பிடிபடவில்லை. பிஸ்கட்டும் வாழைப்பழமுமாக நாளைக் கடத்தினேன். அதைக் கவனித்த நீங்கள் ஒன்றும் கேட்காமல் அடுப்படிக்குக் கூட்டிப்போனீர்கள். டெஃப் என்ற சிறுதானிய மாவு புளித்துப் பொங்கியிருந்தது. மூடியைத் திறந்ததும் எங்கள் வீட்டுத் தோசைமாவு வாசனை! நாங்கள் தோசையை நடுவிலிருந்து வெளியே இழுப்போம். நீங்களோ கல்லின் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்தீர்கள். மூடிவைத்துத் திறந்தபோது மேலெல்லாம் கண்கண்ணாகப் பூத்திருந்தது. ஒரு துண்டைப் பிய்த்து, ஷிரோ என்ற பருப்புமாவுக் குழம்பில் தோய்த்து, உங்கள் கையாலேயே என் வாயில் ஊட்டினீர்கள். அதற்குக் குர்ஷா என்று பெயர் என்பது பிறகுதான் தெரிந்தது. அம்மா போனபின் எனக்கு யாரும் ஊட்டிவிட்டதில்லை.

நான் கறி சாப்பிடாதவன். 'ஸிகா அல்பெலாம்' (கறி சாப்பிடமாட்டேன்) என்று சொல்லப் பழக்கியவர் தெருமுனை சாப்பாட்டுக் கடை அக்கா. புதனும் வெள்ளியும் விரத நாள், பருப்பும் கீரையும் தட்டு நிறைய வரும். மற்ற நாட்களில் 'யெத்ஸோம் அலே?' என்று விரதச் சாப்பாடு கேட்டு நான் வாசலில் நிற்பதற்குள் எனக்கென்று தனியே எடுத்துவைத்திருப்பீர்கள் அக்கா.

சக ஆசிரியருக்கும் கடன்பட்டிருக்கிறேன். 2 மணிக்கு வகுப்பு என்றார்கள், மதியம் போய் நின்றேன். அங்கே பொழுது விடிவதிலிருந்து மணி எண்ணுகிறார்கள், 2 மணி என்றால் நமக்குக் காலை 8. (நம் தாத்தாக்கள் நாழிகை எண்ணியதும் உதயத்திலிருந்துதானே.) மாணவர்கள் கலைந்து போயிருந்தார்கள். நீங்கள் மட்டும் 'ஐஸோ' (தைரியமாக இரு) என்று தோளைத் தட்டி, பொட்டலத்தைப் பிரித்து 'எனிப்லா' என்றீர்கள். வா, சாப்பிடலாம் என்று அர்த்தம். சாப்பிடும் நேரத்தில் யார் வந்தாலும் அந்த ஊரில் முதலில் வரும் சொல் அதுதான்.

பஜாஜ் (அங்கே ஆட்டோவுக்கு அதுதான் பெயர்) ஓட்டிவந்த தம்பி, சில்லறை தரும்போதெல்லாம் அந்த், ஹுலெத், சோஸ்த் என்று எண்ணவைத்தாய். இன்றும் ஐம்பது வரை தடுமாறாமல் சொல்வேன்.

அப்புறம், காபி காய்ச்சும் மண் கூஜாவான ஜெபெனாவைத் துணியில் சுற்றி என் பெட்டியில் வைத்த மாணவி. மூக்கு உடையாமல் வந்து சேர்ந்ததம்மா. நேற்று பச்சைக் கொட்டையை வறுத்து, புகையை எல்லோருக்கும் காட்டி, அதில் காபி போட்டேன். அபோல், தோனா, பெரெக்கா என மூன்று சுற்றும் முடியும்வரை பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுந்திருக்கவே இல்லை.

அமெசெக்னாலெஹு. நன்றி.