புதிய குடியிருப்புகளின் பராமரிப்பைச் சங்கத்திடமிருந்து மட்டுமே ஏற்பது குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

சென்னையிலும் புறநகரிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பராமரிப்பையும் கணக்கு வழக்குகளையும் கவனித்து வரும் எங்கள் நிறுவனம், புதிதாகக் கட்டி முடிக்கப்படும் குடியிருப்புகளைக் கட்டுமான நிறுவனத்தோடு ஒப்பந்தம் எழுதி இனி ஏற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறது. வீட்டு உரிமையாளர் சங்கம் பதிவாகி, அதன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கப்பட்டு, ஒப்படைப்பு ஆவணங்கள் சங்கத்தின் கைக்கு வந்த பிறகே எங்கள் ஆட்கள் பணியைத் தொடங்குவார்கள். முதலில் குடியேறும் சில குடும்பங்களுக்கு இதனால் சிரமம் உண்டு என்பதை அறிவோம். ஆகவே காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

'ரெரா' என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டு, 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டுக்கான விதிகள் அதே ஆண்டு ஜூனில் வெளியாயின. மனையின் பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ, வீடுகளின் எண்ணிக்கை எட்டைத் தாண்டினாலோ, இச்சட்டப்படி அமைந்த ரெரா ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம்கூடக் கொடுக்கக் கூடாது. வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, பொறியாளர், கட்டட வடிவமைப்பாளர், பட்டயக் கணக்காளர் ஆகிய மூவரின் சான்றோடுதான் எடுக்க வேண்டும். விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்குவதற்கு முன் ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். இவை வீடு வாங்கியவர்களில் பலருக்கும் இன்று தெரிந்த செய்திகளே.

பதிவு எண் இருந்தால் அரசே அந்தக் கட்டடத்துக்குப் பொறுப்பேற்றுக்கொண்டது என்ற நம்பிக்கையும் இதோடு சேர்ந்து வளர்ந்துவிட்டது. அது சரியன்று. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் இடிந்து விழுந்து 61 உயிர்களைப் பறித்த பதினொரு மாடிக் கட்டடத்துக்கும் திட்ட அனுமதி இருந்தது. அனுமதியும் பதிவும் கட்டுபவரைப் பொறுப்பாளியாக்கும் ஏற்பாடுகள்; கம்பியின் தரத்தையும் கான்கிரீட்டின் கலவையையும் நாள்தோறும் அரசு அலுவலர் நின்று பார்க்கிறார் என்று அதற்குப் பொருளில்லை. குறை வந்தால் சட்டம் துணை நிற்கும், ஆனால் குறையை எடுத்துச் சொல்லவும் நிரூபிக்கவும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர்தான் சங்கம்.

சட்டத்தின் 11ஆம் பிரிவு, உள்ளூர்ச் சட்டம் வேறு காலம் குறிக்காத இடத்தில், பெரும்பான்மை வீடுகள் முன்பதிவான மூன்று மாதங்களுக்குள் சங்கம் அமைய வழிசெய்ய வேண்டும் என்று கட்டுமான நிறுவனத்துக்குக் கட்டளையிடுகிறது. சங்கம் அமைப்பதில் பங்கு கொள்வதை 19ஆம் பிரிவு வாங்கியவரின் கடமையாகவும் சொல்கிறது. 17ஆம் பிரிவின்படி, பொது இடங்களின் உரிமையும் வரைபடங்களும் இதர ஆவணங்களும் சங்கத்துக்கு மாற்றப்பட வேண்டும். ஆவணங்களுக்குரிய கெடு, வேறு உள்ளூர்ச் சட்டம் இல்லாதபோது, பணி நிறைவுச் சான்றிதழ் கிடைத்ததிலிருந்து 30 நாள். நடைமுறையில் என்ன நேர்கிறது? சாவி கொடுத்த மறுவாரமே எங்களைப் போன்ற ஒரு பராமரிப்பு நிறுவனத்தைக் கட்டுமான நிறுவனம் அமர்த்திவிடுகிறது. குப்பை அள்ளப்படுகிறது, மோட்டார் ஓடுகிறது, காவலாளி நிற்கிறார். எல்லாம் நடக்கும்போது சங்கம் எதற்கு என்று குடியிருப்போரும் தள்ளிப் போட்டுவிடுகிறார்கள்.

இதன் விளைவை ஒரு தென்புறநகர்க் குடியிருப்பில் கண்ணால் பார்த்தோம். தரைத்தளக் கார் நிறுத்துமிடத்தின் கூரையில் ஓயாமல் நீர் கசிந்தது. எந்தக் குழாய் எந்தச் சுவருக்குள் போகிறது என்று காட்டும், கட்டி முடித்தபின் வரையப்படும் குழாய் வரைபடம், தாமதமாக அமைந்த சங்கத்திடம் இல்லை. கேட்டபோது கட்டுமான நிறுவனமும் தரவில்லை. முதல் மாடியில் ஒரு குளியலறைத் தரையை உடைத்துப் பார்த்து, அங்கே இல்லையென்று பக்கத்து வீட்டுத் தரையையும் உடைத்தோம். கசிவு இருந்ததோ சலவை எந்திரத்துக்குப் போகும் குழாயின் முழங்கை இணைப்பில். லிஃப்ட் உரிமம் இன்னும் கட்டுமான நிறுவனத்தின் பெயரிலேயே இருந்ததையும், தீயணைப்பு மோட்டாரின் உத்தரவாத அட்டை யாரிடமும் இல்லாததையும் அப்போதுதான் சங்கத்தார் கண்டுபிடித்தார்கள்.

வேலைத்தரத்திலோ கட்டுமானத்திலோ குறை இருந்தால், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் வரை, தெரிவித்த 30 நாள்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும் என்பது 14ஆம் பிரிவு. இந்த ஐந்து ஆண்டுகள்தான் எங்கள் முடிவின் அடிப்படை. கட்டுமான நிறுவனத்திடம் சம்பளம் வாங்கும் ஒருவர், அதே நிறுவனத்தின் குறைகளைத் தேதி போட்டு எழுதி வைப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. எங்கள் மேற்பார்வையாளர் நேர்மையானவரே. ஆயினும் அவரை அந்த இக்கட்டில் நிறுத்த நாங்கள் விரும்பவில்லை. குறைப் பதிவேடு சங்கத்தின் உடைமையாக, சங்கச் செயலாளரின் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். நாளைக்கு ஆணையத்தின் முன் நிற்கும்போது பேசப்போவது அந்தப் பதிவேடுதான்.

கார்பஸ் நிதி பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். வீடு விற்கும்போதே ஒவ்வொருவரிடமும் வசூலித்த அந்தத் தொகை குடியிருப்பின் எதிர்காலச் செலவுக்கானது. பெயிண்ட் அடிக்கவும் லிஃப்ட் மாற்றவும் ஒருநாள் அதுதான் கைகொடுக்கும். அதை எங்கள் கணக்கில் வைத்துக்கொள்ளும்படி யார் சொன்னாலும் ஏற்க மாட்டோம். வசூலித்தவர் வட்டிக் கணக்கோடு நேரே சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு மாற்ற வேண்டும்.

சங்கம் அமைந்தபின் அதைக் கண்காணிப்பது யார் என்பதில் நம் வாடிக்கையாளர்கள் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. கட்டியவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான வழக்குகளே ரெரா ஆணையத்துக்குரியவை. பொருளாளர் கணக்குக் காட்டவில்லை, தேர்தல் நடத்தவில்லை என்ற புகார்களை அங்கே கொண்டுபோவதில் பயனில்லை. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கமானால் மாவட்டப் பதிவாளரிடம் முறையிடலாம். 36ஆம் பிரிவின்படி விசாரணை நடத்த அவருக்கு அதிகாரம் உண்டு. ஆண்டுக் கணக்கையும் நிர்வாகிகள் மாற்றத்தையும் அவரிடம் தாக்கல் செய்யத் தவறிய சங்கத்துக்கு, தேவைப்படும் நேரத்தில் தன் நிலையை நிரூபிப்பதே பெரும்பாடாகிவிடும். 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டமும் 2024 முதல் நடைமுறையில் உள்ளது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் ஒப்புதல் போதும் என்ற ஏற்பாடு இதில் இருப்பதால், பழைய குடியிருப்புகளின் சங்கங்களும் தங்கள் உறுப்பினர் பட்டியலையும் ஒவ்வொருவரின் யூடிஎஸ் (மனையில் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய பிரிக்கப்படாத பங்கு) அளவையும் இப்போதே சரிபார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

முறையிடும் வழி கடினமானதன்று. ஒப்பந்தப்படி நடக்கவில்லை, ஆவணம் தரவில்லை, பணத்தைத் திருப்பித் தரவில்லை என்றால் ஆணையத்துக்கு 'எம்' படிவம். இழப்பீடு கேட்பதானால் தீர்ப்பளிக்கும் அலுவலருக்கு 'என்' படிவம். தனி ஒருவராகவும் போகலாம், சங்கமாகவும் போகலாம். பொது இடம் சம்பந்தப்பட்ட குறைகளுக்குச் சங்கமே போவதுதான் சரி என்பது எங்கள் கருத்து.

ஏற்கெனவே கட்டுமான நிறுவனத்தோடு நாங்கள் செய்துள்ள ஒப்பந்தங்கள் அவற்றின் காலம் முடியும்வரை தொடரும். பாதியில் விட்டுவிட்டுப் போக மாட்டோம். அதற்குள் சங்கம் அமைக்க விரும்பும் குடியிருப்புகளுக்குத் துணைவிதிகளின் வரைவு, முதல் பொதுக்குழுவுக்கான அறிவிப்பு, ஒப்படைப்பின்போது கேட்டு வாங்க வேண்டிய ஆவணங்களின் பட்டியல் ஆகியவற்றைக் கட்டணமின்றித் தருகிறோம். உங்கள் குடியிருப்பின் மேற்பார்வையாளரிடம் சொன்னால் போதும், ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கணக்காளரும் பொறியாளரும் நேரில் வந்து, குடியிருப்போர் முன்னிலையில் அந்தப் பட்டியலை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் தருவார்கள்.

இப்படிக்கு,
நிர்வாகப் பங்குதாரர்கள்