‘பொசசிவ்’ என்று பெயர் வைத்துவிட்டால்...

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை என்று 2025 மே மாதம் தீர்ப்பு வந்தது. ஜூனில் பள்ளி திறந்தபோது பிளஸ் டூ மாணவிகளுக்கு அதுதான் பேச்சு. “அவனுங்க மிருகம் மிஸ்” என்று கொதித்தார்கள்.

அப்படிக் கொதித்தவர்களில் ஒருத்தியைச் சில நாள் கழித்து மாலையில் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். போனை உயர்த்தி இடமும் வலமுமாகத் திருப்பி, பக்கத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று காதலனுக்கு வீடியோ அழைப்பில் காட்டிக்கொண்டிருந்தாள். பேருந்தில் ஏறியதும் எந்த இருக்கை, அருகில் யார் என்று மறுபடி காட்ட வேண்டுமாம். இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டும் அவனிடம்தான். “ஏம்மா இதெல்லாம்?” என்றேன். “அவன் கொஞ்சம் பொசசிவ் மிஸ், என்மேல அவ்வளவு பாசம்” என்றாள். சொல்லும்போது முகத்தில் பெருமை. அந்தப் பெருமைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

எங்கள் பள்ளிச் சுவரில் குழந்தைகள் உதவி எண் 1098 பெரிதாக எழுதியிருக்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் பற்றியும் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் அடித்தால், தொட்டால்தான் வன்முறை என்று நினைக்கிறார்கள். தோழிகளோடு பேசாதே என்பதும், பதில் வரத் தாமதமானால் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு இரவில் அழுது மன்னிப்புக் கேட்பதும், “பிரிஞ்சா கையை அறுத்துக்குவேன்” என்பதும் அவர்கள் கணக்கில் காதல். பையன்களும் இதில் மாட்டுகிறார்கள். கையறுப்பு மிரட்டலுக்குப் பயந்து பரீட்சைக்குப் படிக்க முடியாமல் தவித்த ஒரு மாணவனை எனக்குத் தெரியும்.

ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டையும் மின்னணுத் தொடர்புகளையும் கண்காணிப்பது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் பின்தொடரும் குற்றமாகவே சொல்லப்பட்டிருக்கிறது. முதல் முறைக்கே மூன்று ஆண்டுவரை சிறை. இதை வகுப்பில் சொன்னபோது அப்படியொரு அமைதி. பிறகு கடைசி பெஞ்சிலிருந்து, “லவ்வரா இருந்தாக்கூடவா மிஸ்?” என்று ஒரு குரல்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேண்டாம் என்றவளை விடாமல் துரத்தும் நாயகனுக்குத்தானே தியேட்டரில் விசிலடித்தோம்? அம்மாவின் போனை அப்பா பிடுங்கிப் பார்ப்பதை, “உன் நல்லதுக்குத்தான்” என்று சொல்வதைத்தானே வீட்டில் பார்த்து வளர்கிறார்கள்?

புரிந்துகொண்ட பிள்ளையும் வாயைத் திறப்பதில்லை. பேருந்து நிறுத்தத்தில் பார்த்த அந்தப் பெண் என்னிடம் கெஞ்சியது ஒன்றுதான்: “அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. படிப்பை நிறுத்திருவாங்க.” அவள் பயம் பொய்யில்லை. இரண்டு வருடம் முன்பு இப்படி விஷயம் வெளியே வந்த ஒரு மாணவிக்கு, தேர்வு முடிவு வருவதற்குள் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். பொள்ளாச்சிக் கும்பல் வீடியோவை வைத்து அத்தனை பேரை மிரட்ட முடிந்ததும் “வீட்டுக்குத் தெரிஞ்சா?” என்ற இதே பயத்தால்தானே? 2019இல் ஒரு கல்லூரி மாணவி புகார் கொடுக்கத் துணிந்த பிறகுதான் அது வெளியே வந்தது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலைக் கையில் கொடுக்கும் முன் நான் ஒன்று கேட்கப்போகிறேன். பிள்ளை வந்து சொன்னால் போனைப் பிடுங்க மாட்டோம், படிப்பை நிறுத்த மாட்டோம் என்று அவள் முன்னாலேயே சொல்லுங்கள் என்று.

இப்படிக்கு,
மேல்நிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.