சப்பரம் திரும்பும் இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினெட்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவராக மாறி, அதற்காக உயிரைக் கொடுத்த புனித தேவசகாயம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவரைச் சுட்டுக் கொன்ற காற்றாடிமலைக்குச் சின்ன வயதிலிருந்து போய் வருகிறவன் நான். அங்கிருக்கும் மணியடிச்சான் பாறையைக் கல்லால் தட்டினால் வெண்கல மணி மாதிரி ஒலிக்கும். அப்பா என்னைத் தூக்கிப் பிடித்துத் தட்ட வைத்தார், நான் என் மகனைத் தூக்கிப் பிடித்தேன். அதனால் கட்டுரையை ஆசையாகத்தான் பிரித்தேன்.

எருமை மேல் பின்னோக்கி உட்கார வைத்தது, எருக்கம்பூ மாலை, காயத்தில் மிளகாய்த் தூள், 1752 ஜனவரி 14 அன்று துப்பாக்கிக் குண்டு என்று வேதனைகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, இந்தத் தைரியம் நம் கிறிஸ்தவ ஆண்களுக்கு வேண்டும் என்று முடித்திருக்கிறார் கட்டுரையாளர். வேண்டும்தான். ஆனால் அந்த அடி எதற்காக விழுந்தது என்பதை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார். எனக்கு அங்கேதான் உறுத்துகிறது.

டிலனாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படையைச் சேர்ந்தவர். அவரும் கிறிஸ்தவர்தான். நீலகண்டன் என்ற பேரோடு இருந்த தேவசகாயத்துக்கு, பைபிளில் துன்பங்களைத் தாங்கிய யோபுவின் கதையைச் சொல்லிக் கிறிஸ்துவின் பக்கம் திருப்பியவரே அவர்தான். திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா டிலனாயை என்ன செய்தார்? வேதத்தை விடு என்று எருமை மேல் ஏற்றவில்லை. தன் படையைப் பயிற்றுவிக்கும் பொறுப்பைக் கொடுத்தார். 1777-இல் இறக்கும்வரை டிலனாய் கௌரவமாக இருந்தார். உதயகிரிக் கோட்டைக்குள் அவருடைய கல்லறையை இன்றைக்கும் பார்க்கலாம். அதே ராஜா, அதே வேதம். ஒருவருக்குப் படை, இன்னொருவருக்கு எருமை. ஏன்?

வெள்ளைக்காரர் எந்தச் சாமியைக் கும்பிட்டால் ஊருக்கு என்ன? அரண்மனை வேலையில் இருந்த நட்டாலத்து நாயர் ஒருவர், தீண்டக்கூடாது என்று ஒதுக்கி வைத்திருந்தவர்களோடு உட்கார்ந்து பேசி, சேர்ந்து சாப்பிட்டதுதான் பொறுக்கவில்லை. அரண்மனை விவகாரங்களில் வேறு குற்றங்களுக்காகத்தான் தண்டிக்கப்பட்டார் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. அந்தச் சண்டை எனக்கு வேண்டாம். திருச்சபை அவரைப் பற்றிச் சொல்லும்போது இந்தச் சமபந்தியைத்தான் முன்னால் வைக்கிறது. நாம்தான் மிளகாய்த் தூளை முன்னால் வைக்கிறோம்.

கட்டுரையில் விட்டுப்போன ஊர் ஒன்று உண்டு. 1745 மே 14 அன்று அவர் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளம். திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே இருந்ததால் அங்கே போக வேண்டியிருந்தது. 'கடவுளின் உதவி' என்ற பொருளில் தேவசகாயம் என்று பேர் வைத்தார்கள். சரி, அந்த ஊரில் அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? சாதிக்காரர்கள் தனித்தனியாக இருந்து பூசை காண வேண்டும் என்பதற்காக, பீடத்திலிருந்து கால்சட்டையின் இரண்டு கால்கள் மாதிரி பிரிந்து போகும் கோவிலைக் கட்டினார்கள். நடுவில் தடுப்பு. பீடம் ஒன்று, அப்பம் ஒன்று, கால் மட்டும் இரண்டு! அந்தத் தடுப்பை 1910-இல் இடித்தவர் பங்குத்தந்தையாக இருந்த கௌசானல் அடிகளார். உடனே வழக்குப் போட்டார்கள். யார் என்று நினைக்கிறீர்கள்? ஞாயிறு தவறாமல் பூசைக்கு வந்த கிறிஸ்தவ ஆண்கள்தான். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

2022 மே 15 அன்று புனிதர் பட்டம் கொடுக்கும் முன்பே, அவர் பேருக்குப் பின்னால் ஒட்டியிருந்த 'பிள்ளை'யை வத்திக்கான் எடுத்துவிட்டது. அந்தச் சாதிப் பேர் வேண்டாம் என்று எழுதிக் கேட்டவர்கள் நம் ஆட்கள்தான். உங்கள் கட்டுரையில் அது மூன்று இடங்களில் இருக்கிறது. அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டால் நல்லது.

இவ்வளவு எழுதுகிற நான் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. எங்கள் பங்கில் பத்து நாள் திருவிழா. ஒன்பதாம் நாள் ராத்திரி சப்பரம் கிளம்பி, ஆலமரத்து மூட்டில் வலப்பக்கம் திரும்பிவிடும். இடப்பக்கத் தெருவிலும் எங்கள் பங்கு மக்கள்தான் இருக்கிறார்கள். வரி கொடுக்கிறார்கள், பூசைக்கு வருகிறார்கள், சப்பரம் மட்டும் போகாது. அவர்கள் மெழுகுதிரியும் மாலையுமாக ஆலமரத்து மூட்டில் வந்து நிற்பார்கள். அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்து அந்தக் காட்சியைப் பார்க்கிறேன்.

போன வருஷம் பங்குப்பேரவைக் கூட்டத்தில் அந்தத் தெருப் பையன் ஒருவன் எழுந்து, சப்பரம் எங்கள் பக்கம் ஏன் வருவதில்லை என்று கேட்டான். கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்தான். அப்புறம் ஒரு பெரியவர், "அங்கே கரண்ட் வயர் தாழ்வாகத் தொங்குது தம்பி, சப்பரத்தில் முட்டும்" என்றார். பையன் எலக்ட்ரீசியன். "லைன்மேனைக் கூட்டி வந்து தூக்கிக் கட்ட நான் பொறுப்பு" என்றான். யாரோ நேரமாகிவிட்டது என்றார்கள், கடைசி ஜெபம் சொல்லிக் கலைந்தோம்.

எனக்கு அறுபத்தேழு வயது. அந்தப் பேரவையில் பதினொரு வருஷமாக இருக்கிறேன். என்னை எருமை மேல் ஏற்ற ஆள் கிடையாது, மிஞ்சிப் போனால் நாலு பேர் கல்யாணப் பத்திரிகை கொடுக்காமல் விடுவார்கள். அதற்கே வாய் திறக்கவில்லை. கூட்டம் முடிந்து அந்தப் பையன் என்னிடம் வந்து, "நீங்களாவது பேசுவீங்கன்னு நினைச்சேன் மாமா" என்றான். மாமா என்று அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இந்த வருஷக் கூட்டம் வரும் ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்ததும். நேற்றுச் சாயங்காலம் ஆலமரத்து மூட்டில் போய் நின்று பார்த்தேன். எங்கள் சப்பரத்தைவிட உயரமாக வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று இடப்பக்கம் திரும்பி, அந்தத் தெருவுக்குள் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கன்னியாகுமரி மாவட்டம்.