விளம்பரத்தைத் தடுக்கிறவர்கள் திருடர்கள் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இப்போதெல்லாம் எந்தச் செய்தித் தளத்தைத் திறந்தாலும் ‘ஆட் பிளாக்கரை நிறுத்திவிட்டு வாருங்கள்’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. உங்கள் இணையப் பதிப்பிலும் வந்துவிட்டது. கேட்பது நியாயம்தான்; இலவசமாகப் படிக்கத் தருகிற தளத்தில் செய்தியாளர் சம்பளமும் சர்வர் வாடகையும் விளம்பரத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். ஆனால் விளம்பரங்களை வரவிடாமல் நிறுத்தும் அந்தத் தடுப்பானை வாசகர் ஏன் போட்டார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

விளம்பரமே பிடிக்காமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் மணமகள் தேவை பக்கத்தையும் ஆடித் தள்ளுபடி முழுப்பக்கத்தையும் வரி விடாமல் படிக்கிற குடும்பம் எங்களுடையது. அந்த விளம்பரம் செய்தியை மறைக்காது, திடீரென்று சத்தம் போடாது, நாங்கள் எதைப் படிக்கிறோம் என்று வேவு பார்த்து இன்னொருவருக்குச் சொல்லாது. போனில் வருவதோ வேறு ரகம். நாலு வரிச் செய்திக்குள் மூன்று விளம்பரம், படிக்க ஆரம்பித்ததும் பக்கம் மேலும் கீழும் குதிக்கும், மூடுவதற்கான பெருக்கல் குறி விரலுக்கு அகப்படாது, தப்பித்தவறிப் பட்டால் ‘உங்கள் போனில் வைரஸ்’ என்று ஒரு பக்கம் திறந்துகொள்ளும். கண் சரியாகத் தெரியாத பெரியவர்கள் அதை நம்பி அடுத்த பட்டனையும் அழுத்திவிடுகிறார்கள். இதற்கெல்லாம் செலவாவது நம் டேட்டா.

இது வெறும் எரிச்சல் சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. 2009 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் தளத்திலேயே, தெரிந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லி இடம் வாங்கிய ஒரு கும்பல், போலி வைரஸ் எச்சரிக்கையை விளம்பரமாக ஓடவிட்டது. அவ்வளவு பெரிய பத்திரிகைக்கே தன் பக்கத்தில் என்ன ஓடுகிறது என்று தெரியவில்லை. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ, தேடுபொறி விளம்பரங்கள் வழியாக நடக்கும் மோசடிகளிலிருந்து தப்பிக்கத் தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்று பொதுமக்களுக்கே சொன்னது. அதற்குப் பிறகும் தடுப்பவர்களைத் திருடர்கள் என்று பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, மறுபக்கமும் இருக்கிறது, அதுதான் எனக்கு உண்மையான கவலை. தடுப்பான் நல்ல தளம், கெட்ட தளம் பார்ப்பதில்லை. விளம்பரம் வரும் முகவரிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு, விளம்பரத்தைக் கேட்டு நம் போனிலிருந்து கோரிக்கை போகுமுன்பே வெட்டிவிடுகிறது. அதனால் அந்தத் தளத்தின் கணக்கில் நீங்கள் வந்துபோனதற்குக் காசே ஏறாது. தளங்களில் விளம்பரம் போட்டு, நடத்துகிறவருக்குப் பங்கு தரும் கூகுள் ஆட்சென்ஸ் தமிழுக்கு வந்ததே 2018 பிப்ரவரியில்தான். அதை நம்பிச் சமையல் குறிப்போ, கோயில் வரலாறோ, டிஎன்பிஎஸ்சி பாடக் குறிப்போ எழுதிப் போடுகிற தனி ஆள்களுக்குக் கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கே வரும். பெரிய நிறுவனங்களுக்குச் சந்தா இருக்கிறது, வழக்குப் போட வக்கீல் இருக்கிறார். ஜெர்மனியின் பத்திரிகை நிறுவனமான ஆக்சல் ஷ்பிரிங்கர், ஆட்பிளாக் பிளஸ் என்ற தடுப்பானை நடத்தும் நிறுவனத்தை உச்ச நீதிமன்றம் வரை இழுத்து 2018-இல் தோற்றது. அந்த ஆட்பிளாக் பிளஸும் 2011 முதல் ‘ஏற்கத்தக்க விளம்பரங்கள்’ என்று சிலவற்றை உள்ளே விடுகிறது, பெரிய நிறுவனங்களிடம் அதற்குப் பணமும் வாங்குகிறது. சின்னத் தளங்களுக்கு அது இலவசம்தான், ஆனால் நம் ஊரில் தனியாகத் தளம் நடத்துகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிரவுசரில் போடும் தடுப்பானில் பிடித்த தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம், இரண்டு தட்டு வேலை. போன் செட்டிங்ஸில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் இணைய முகவரியைத் தேடித் தரும் சேவை) முகவரியையே மாற்றி மொத்தமாகத் தடுப்பவர்கள் இப்போது நிறைய. அதில் ஒரு தளத்துக்கு மட்டும் தனியாக விலக்குத் தர முடியாது. முடிந்தவர்கள் பிரவுசர் தடுப்பானுக்கு மாறிக்கொண்டு, தினமும் படிக்கிற சின்னத் தளங்களுக்காவது விலக்குக் கொடுங்கள்.

2010-இல் ஆர்ஸ் டெக்னிகா என்ற அமெரிக்கத் தொழில்நுட்பச் செய்தித் தளம் பன்னிரண்டு மணி நேரம் தடுப்பான் வைத்திருந்தவர்களுக்குக் கட்டுரைகளையே காட்டாமல் மறைத்துப் பார்த்தது. அப்புறம், தடுப்பவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, விஷயத்தை நாங்களும் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று அதன் ஆசிரியரே எழுதினார். நீங்களும் பெட்டியை நீட்டுவதற்குப் பதில் இப்படிப் பேசலாம். தானாக ஓடும் வீடியோவையும் செய்தியை மறைக்கும் விளம்பரத்தையும் எடுத்துவிடுங்கள், ஒரு பக்கத்துக்கு இத்தனைதான் என்று ஒரு வரம்பு வையுங்கள், அதைத் தளத்திலேயே எழுதிப் போடுங்கள். அன்றைக்கே உங்கள் தளத்துக்கு நான் விலக்குக் கொடுத்துவிடுகிறேன், வீட்டில் இருக்கிற மற்ற போன்களிலும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை