மரதனுக்கு முந்திய வாரங்களில் பிள்ளைகளை ஓய விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மரதன் காலம் நெருங்கினால் விடியற்காலையில் மரைன் டிரைவில் நடக்க இடமிருக்காது. கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை கூட்டங்கூட்டமாக ஓடுகிறார்கள். பார்க்கச் சந்தோஷம்தான். ஆனால் ஓட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, “கடைசியாக ஒருக்கா ஓடிப் பார்ப்பம்” என்று 30 கிலோமீற்றருக்குப் புறப்படுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உடற்கல்வி படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். இப்போது அயலில் உள்ள அலுவலகப் பிள்ளைகள் சிலருக்கு ஓட்டம் பழக்குகிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நீண்ட ஓட்டத்தின் பலன் உடம்பில் சேர இரண்டு வாரமளவில் எடுக்கும். கடைசி வாரத்தில் ஓடுவதில் மிஞ்சுவது களைப்பு மட்டுமே. ஆகவே 30, 32 கிலோமீற்றர் ஓட்டங்களை மூன்று வாரத்துக்கு முன்னரே முடித்துவிட வேண்டும். பிறகு, வாரத்துக்கு 60 கிலோமீற்றர் ஓடியவர் 45, அடுத்த வாரம் 30 என்று குறைத்து, கடைசி வாரத்தில் 15 அளவில் நிற்கலாம். இதைத்தான் ஓட்டக்காரர்கள் ரேப்பர் என்கிறார்கள். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2007 இல் வெளிவந்த ஓர் அலசலும் இதையொட்டியே சொன்னது: இரண்டு வாரத்துக்குத் தூரத்தை 41 முதல் 60 சதவீதம் வரை குறையுங்கள், வேகத்தையும் ஓடும் நாட்களின் எண்ணிக்கையையும் குறைக்காதீர்கள். இந்தப் பின்பாதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். முழுக்கப் படுத்துவிட்டால் கால் மந்தமாகிவிடும். ஆறேழு கிலோமீற்றர் ஓடினாலும் நடுவில் இரண்டு மூன்று கிலோமீற்றரை மரதன் வேகத்தில் ஓட வேண்டும்.

சொல்வது சுலபம். உடம்பு ஓய்ந்தால் மனம் ஓயாது. இரண்டு நாள் தூரத்தைக் குறைத்ததுமே தொலைபேசி அடிக்கத் தொடங்கும். “முழங்கால் நோகுது ரீச்சர்”, “தொண்டை கரகரக்குது ரீச்சர்”, “ஒரு கிலோ கூடிட்டன் ரீச்சர், நாளைக்கு 20 ஓடட்டோ?” எடை கூடுவது நல்ல சகுனம் என்பதை யாரும் நம்புவதில்லை. தசையில் சேமிப்பாகச் சேரும் மாச்சத்துத்தான் கிளைக்கோஜன். அதில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்து வைக்கிறது. தராசு காட்டுவது கொழுப்பை அல்ல. 30 கிலோமீற்றருக்குப் பிறகு தேவைப்படப்போகிற எரிபொருளை. முழங்கால் நோவும் பெரும்பாலும் ஓட்டத்தன்று காணாமற் போய்விடும்.

நம்பாதவர்களுக்குச் செக்கோஸ்லோவாக்கிய ஓட்டவீரர் எமில் சாட்டோபெக்கின் கதையைச் சொல்வேன். கணக்கில்லாமல் பயிற்சி செய்தே பேரெடுத்தவர் அவர். 1950 ஐரோப்பிய சம்பியன்ஷிப்புக்குச் சற்று முன்னர் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் மருத்துவமனையில் கிடந்தார். எழுந்து பிரசெல்ஸ் போய் 5,000 மீற்றர், 10,000 மீற்றர் இரண்டையும் வென்றார். அவர் மனமறிந்து ஓய்ந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மகன் காலையில் ஓடப் போகவில்லை என்று கண்டதும், “சும்மாதானே நிக்கிறாய்” என்று புறக்கோட்டைக்குச் சாமான் தூக்க அனுப்பாதீர்கள். அரிசி மூட்டையோடு நாலு மாடி ஏறுவதும் காலுக்கு வேலைதான். மகள் என்றால் இன்னும் மோசம். அவள் ஓடாத காலை நேரம் முழுக்க அடுப்படிக்குப் போய்விடுகிறது. அலுவலகங்களில் அந்த வாரம் பார்த்து சொஃப்ட்போல் கிரிக்கெட் வைக்கிறார்கள். மாதக்கணக்கில் பழகிய பிள்ளை ஒரு ரன்னுக்காகக் கணுக்காலைப் பிரட்டிக்கொண்டு வந்து நின்றால் நான் யாரை ஏசுவது?

சாப்பாட்டிலும் குழப்பம் உண்டு. கடைசி ஒன்றரை, இரண்டு நாட்களுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 12 கிராம் மாச்சத்து வேண்டும் என்பது விளையாட்டு ஊட்டச்சத்துக் கணக்கு. 60 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 600 கிராமாவது வரும். சோற்றால் மட்டும் அதை எட்டுவதென்றால் இரண்டு கிலோவுக்கு மேல் சோறு! ஆகவே இடியப்பம், வாழைப்பழம், பாணும் ஜாமும், பழச்சாறு என்று நாள் முழுக்கப் பிரித்துச் சாப்பிட வேண்டும். பருப்பையும் உறைப்பையும் பொரியலையும் அந்த இரண்டு நாளும் குறைத்தால் வயிறு நன்றி சொல்லும். காலிமுகத்திடலில் இறால் வடை விற்பவர் ஓட்டம் முடிந்த பிறகும் அங்கேதான் இருப்பார்.

ஓட்டத்துக்கு முதல் இரவு யாருக்கும் நித்திரை வராது. அதற்குப் பயப்பட வேண்டாம். அதற்கு முந்திய இரவுகளில் நன்றாக நித்திரை கொண்டிருந்தால் சரி. கொழும்புப் புழுக்கத்தில் விடியுமுன் ஓட வேண்டியிருப்பதால், கடைசி வாரம் முழுக்க ஒன்பது மணிக்கே கைபேசியை எட்ட வைத்துவிடுங்கள்.

ஓட்டக் குழுக்களை நடத்துபவர்களிடம் நான் கேட்பது இதுதான்: மரதனுக்கு முந்திய ஞாயிறு ஓட்டத்தை 12 கிலோமீற்றரோடு நிறுத்துங்கள். மேலே ஓட விரும்புகிறவரைத் தடுக்க முடியாவிட்டாலும், அந்தப் படத்தைக் குழுவில் போட்டு மற்றவர்களைப் பதறவைக்க விடாதீர்கள். தங்கள் விளையாட்டுப் பக்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். மரதன் பயிற்சி அட்டவணை வெளியிடும்போது தயவுசெய்து கடைசி மூன்று வாரங்களையும் சேர்த்துப் போடுங்கள்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 6.