மாரிக்கு முன் தவளைப் பாடம் பற்றி ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்கட்கு,

டெங்கு ஒழிப்பு என்று பாடசாலைகளில் பிள்ளைகளைக் கொண்டு தண்ணீர் தேங்கும் இடங்களைத் துப்புரவு செய்விப்பது நல்ல காரியம். ஆனால் போன மாரியில் எங்கள் பகுதிப் பாடசாலை ஒன்றில், கைவிட்ட சீமெந்துத் தொட்டியில் நீந்திக்கொண்டிருந்த வாற்பேத்தைகளை, அதாவது தவளைக் குஞ்சுகளை, நுளம்புக் குடம்பிகள் என்று நினைத்து, தரம் 7, 8 பிள்ளைகள் கழிவு ஒயில் ஊற்றினார்கள். பக்கத்தில் ஆசிரியர் ஒருவரும் நின்றார். தவளையின் வாழ்க்கை வட்டத்தை அம்புக்குறி போட்டுக் கீறி, நிறமும் தீட்டி, முழுப்புள்ளி வாங்கிய பிள்ளைகள்தான் அவர்கள்.

இரண்டையும் பிரித்தறிய நுணுக்குக்காட்டி தேவையில்லை. நுளம்புக் குடம்பி மூச்செடுக்க மேலே வந்து தலைகீழாகத் தொங்கும். நிழல் பட்டதும் நெளிந்து அடிக்குப் போய்விடும். வாற்பேத்தையோ உருண்டைத் தலையும் தட்டை வாலுமாய், தொட்டிச் சுவரிலுள்ள பாசியைச் சுரண்டிக்கொண்டிருக்கும். சில இனங்களின் வாற்பேத்தைகள் டெங்கு நுளம்பின் முட்டைகளையே தின்கின்றன என்று பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013 இல் வெளியிட்ட ஆய்வொன்று காட்டுகிறது. நாங்கள் ஒயில் ஊற்றியது எங்கள் பக்கத்து ஆட்களுக்கு.

நானும் விஞ்ஞானம் படிப்பித்தவள்தான். தவளை போல நீரிலும் நிலத்திலும் வாழும் ஈரூடகவாழி என்றதும் எங்களுக்கு முதலில் கைக்கு வருவது, பல்லி போல வாலுள்ள சலமாந்தரின் படம். இலங்கையில் சலமாந்தரே இல்லை. ஈரவலயத்தில் மண்ணுக்குள் வாழும் காலில்லாத ஈரூடகவாழி உண்டு; பாம்பென்று நினைத்து அடித்துவிடுவார்கள். சிங்கராஜக் காட்டுப் பக்கத்தில், வாற்பேத்தைப் பருவமே இல்லாமல் முட்டைக்குள்ளேயே குட்டித் தவளையாகி வெளிவரும் இனங்கள் இருக்கின்றன. அவற்றையும் சொல்ல வேண்டியதுதான், ஆனால் கிணற்றடியைக் காட்டிவிட்டுச் சொல்லலாம்.

மாரி தொடங்கிக் கொஞ்ச நாளில் தொட்டிச் சுவரில், நீர்மட்டத்துக்கு மேலே, உள்ளங்கை அளவில் வெள்ளை நுரை ஒட்டியிருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். என் பேத்தி அதைச் சவர்க்கார நுரை என்று தண்ணீர் அடித்துக் கழுவப் போனாள். குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்குமே மரத்தவளை, அது கட்டிய கூடு அது. வெளிப்பக்கம் காய்ந்து பொருக்குத் தட்டும். உள்ளே ஈரம் காயாமல் முட்டைகள் இருக்கும். சில நாளில் கீழ்ப்பக்கம் இளகி, வாற்பேத்தைகள் ஒவ்வொன்றாய்த் தண்ணீருக்குள் சொட்டும். அவள் அன்று ரியூசனுக்குப் போக மறுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் வற்புறுத்தவில்லை.

பிறகு வாற்பேத்தைக்குப் பின்னங்கால் முளைக்கும், அதன்பின் முன்னங்கால். வாலுக்கு என்ன நடக்கும் என்று எந்த வகுப்பில் கேட்டாலும் "விழுந்துவிடும் ரீச்சர்" என்றுதான் பதில் வரும். வால் விழுவதில்லை. உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாய் உள்ளுக்கு எடுத்துக்கொள்கிறது. அந்த நாட்களில் வாற்பேத்தை தீனும் எடுக்காது. வளர்ந்த தவக்கை இரை விழுங்கும்போது கண்ணிரண்டும் உள்ளே புதையும். கண்கோளங்கள்தான் இரையைத் தொண்டைப் பக்கம் தள்ளிக் கொடுக்கின்றன. இதைக் கண்ட பேத்தி சாப்பிடும்போதெல்லாம் கண்ணை மூடி மூடி விழுங்கிக் காட்டி, தாயிடம் ஏச்சு வாங்கினாள். இரவில் வழுக்கையாற்று வெளியில் தொண்டை கிழியக் கத்துவது அநேகமாக ஆண் தவக்கைகள் என்று சொன்னாலே பொம்பிளைப் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் பிடித்துவிடும்.

பெற்றோரின் பயம் எனக்கு விளங்குகிறது. 2024 மார்கழியில் எலிக்காய்ச்சல் யாழ். குடாநாட்டில் உயிர்களைக் கொண்டுபோனது. ஆகவே பிள்ளைகளை வயல் வெள்ளத்தில் இறக்கச் சொல்லவில்லை. கட்டில்லாத கிணற்றருகே விடவும் சொல்லவில்லை. பாடசாலைத் தொட்டியொன்றே போதும். தேரையைத் தொட்டால் சொறி வராது. ஆனால் அதன் கண்ணுக்குப் பின்னாலுள்ள புடைப்பில் வடியும் பால் கண்ணில் பட்டால் எரியும். ஆதலால் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

வகுப்பில் வளர்ப்பதானால் குளோரீன் போட்ட கிணற்றுத் தண்ணீர் ஆகாது. வாற்பேத்தை எடுத்த இடத்துத் தண்ணீரே வேண்டும். அவித்த கீரை கொஞ்சம் போடலாம். நுளம்புவலைத் துண்டால் மூடிக் கட்டினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குறை சொல்லமாட்டார். முன்னங்கால் வந்ததும் உள்ளே ஒரு கல் வைக்க மறக்கக்கூடாது. அந்தக் கட்டத்தில் அது நுரையீரலால் மூச்செடுக்கத் தொடங்கிவிடும். ஏறியிருக்க இடமில்லாவிட்டால் மூழ்கிச் செத்துப்போகும். வளர்ந்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

புத்தக வரிசைப்படி இந்தப் பாடம் பங்குனியிலோ ஆனியிலோ வந்தால், கோடைக்கு மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் தவக்கையை யார் தோண்டிக் காட்டுவது? ஐப்பசி, கார்த்திகைக்கு அதைத் தள்ளி வைக்க ஆசிரிய ஆலோசகர்கள் இடம் கொடுக்க வேண்டும். டெங்குத் துப்புரவுக்குப் பிள்ளைகளை இறக்கும் முன், ஒரு போத்தலில் குடம்பியையும் இன்னொன்றில் வாற்பேத்தையையும் அவர்கள் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பாடசாலையாவது கேட்டால் போத்தல்களோடு நானே வருகிறேன். ஓட்டோக் காசும் வேண்டாம்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
சண்டிலிப்பாய்.