மறதியை அறியாத மறதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் மறதி பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் 'மறதி இருப்பதாக உணர்ந்தால் மருத்துவரை அணுகுங்கள்' என்ற அறிவுரையோடு முடிந்துவிடுகின்றன. உணராதவர் என்ன செய்வார்?

என் தாயார் பால்காரருக்கு ஒரே மாதத்தில் இருமுறை பணம் கொடுத்துவிட்டு, கொடுக்கவே இல்லை என்று உறுதியாகச் சொன்னார். சமையலும் பூஜையும் வழக்கம்போல் நடந்ததால் அதை வீம்பு என்றே எண்ணி, அவரிடம் கோபித்துக்கொண்டோம். தன் குறையைத் தானே அறிய இயலாமையும் நோயின் கூறாக இருக்கலாம் என்பது பின்னரே எங்களுக்குத் தெரிந்தது. கை கால் செயலிழந்தும் அதை உணராத நோயாளிகளைக் கண்டு, பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் பாபின்ஸ்கி 1914-இலேயே இந்நிலைக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்.

இயல்பான முதுமை மறதிக்கும் டிமென்ஷியா எனும் மறதிநோய்க்கும் இடைப்பட்டதான லேசான அறிவாற்றல் குறைபாட்டில் இந்த உணர்வு ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது: சிலர் தம் மறதியை எண்ணி மிகவும் கலங்குகின்றனர், அக்கலக்கத்திற்கு மனச்சோர்வும் காரணமாக இருக்கலாம், வேறு சிலரோ சிறிதும் அறிவதில்லை. இக்குறைபாட்டுக்கு அமெரிக்க நரம்பியல் மருத்துவர் பீட்டர்சன் குழுவினர் 1999-இல் தந்த வரையறை, நினைவுக்குறை பற்றிய முறையீட்டை இயன்றால் உடனிருப்பவர் உறுதிப்படுத்த வேண்டும் என்றது. 2004-இல் வெளியான பன்னாட்டு வல்லுநர்களின் பரிந்துரை, உடனிருப்பவரின் கூற்றையே போதிய தொடக்கமாக ஏற்றது.

ஆகவே, முதியவரைப் பரிசோதிக்கும் மருத்துவர்கள் குடும்பத்தினரிடம் தனியே சில நிமிடங்கள் பேச வேண்டும். பி12 குறைபாடு, தைராய்டு போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்களையும் அப்போதே ஆராயலாம். முதியவரின் முன்னிலையில் அவர் குறைகளைப் பட்டியலிடுவது அவரைப் புண்படுத்தும் என்பதை நாங்கள் தாமதமாகவே உணர்ந்தோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தஞ்சாவூர்